பழைய மடிக்கணினி: பாகத்தை மாற்றுமுன் பழுதைக் கண்டறியுங்கள்

பல ஆண்டுகள் உழைத்த மடிக்கணினிகளை வீட்டிலேயே சீர்செய்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். பதில்களுக்கு முன் அனைவருக்கும் பொதுவான ஒரு வேண்டுகோள்: கணினி இன்னும் இயங்குகிறது என்றால், திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்பாக உங்கள் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறொரு வட்டில் நகலெடுத்து, அந்த நகல் சரியாகத் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பாகங்கள் எல்லாம் மீண்டும் கிடைக்கும். அழிந்த கோப்பு கிடைக்காது.

கேள்வி: என் மடிக்கணினிக்கு ஒன்பது வயது. பொத்தானை அழுத்தி முகப்புத்திரை வருவதற்குள் ஐந்து நிமிடம் ஆகிவிடுகிறது. பிரௌசரைத் திறக்க இன்னும் சில நிமிடங்கள். இப்போது 4 ஜிபி ரேம் இருக்கிறது. அதை 8 ஜிபி ஆக்கினால் போதும் என்கிறார் நண்பர். புதிதாக ஒன்று வாங்கிவிடு என்கிறார் தம்பி. யார் சொல்வதைக் கேட்பது?

இருவரில் யார் சொல்வதைக் கேட்பதற்கு முன்பும், கணினி என்ன சொல்கிறது என்று முதலில் கேளுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி திணறிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே அதைத் திறந்து, புராசசர், மெமரி (அதாவது ரேம்), டிஸ்க் ஆகியவற்றுக்கு எதிரே உள்ள விழுக்காடுகளைக் கவனியுங்கள். புராசசர் பத்து, இருபது விழுக்காட்டில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் நூறு விழுக்காட்டிலேயே நின்றுகொண்டிருந்தால், தாமதத்துக்குக் காரணம் கணினியின் வயது அல்ல, அதிலுள்ள ஹார்ட் டிஸ்க்.

காரணம் எளிது. மடிக்கணினிகளில் பெரும்பாலும் பொருத்தப்பட்டுவந்த ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். அப்படியானால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி விநாடி ஆகிறது. வேண்டிய தகவல் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் அந்த முனை உரிய தடத்துக்கு நகர வேண்டும். ஆகவே வட்டில் அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைப் படிக்கும்போது விநாடிக்கு நூறு முறை எடுப்பதே அதற்குப் பெரிய வேலை. விண்டோஸ் தொடங்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை. தகவலைச் சிப்புகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் எதுவும் இல்லாததால், அதே வகை வேலையை விநாடிக்குப் பல ஆயிரம் முறை செய்யும். இந்த ஒரு மாற்றத்திலேயே, தொடங்கும் நேரம் நிமிடக் கணக்கிலிருந்து விநாடிக் கணக்குக்கு இறங்கிவிடுவது வழக்கம்.

நண்பர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மெமரி தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டி நின்றால், ரேமில் இடம் போதாத தகவலைக் கணினி டிஸ்க்கில் எழுதி எழுதிப் படித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மெதுவான டிஸ்க்கும் குறைவான ரேமும் சேர்ந்தால் ஒன்றின் தொல்லையை மற்றொன்று பெருக்கிவிடும். இரண்டையும் மாற்ற முடிந்தால் நல்லது; ஒன்றை மட்டும்தான் மாற்ற முடியும் என்றால், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்பதே என் தேர்வு.

வாங்கும்போது அளவில் கவனம் வேண்டும். 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் அதே அளவுள்ள, சாட்டா என்னும் இணைப்பு வகை எஸ்.எஸ்.டி. பொருந்தும். பழைய டிஸ்க்கின் தடிமன் 9.5 மில்லிமீட்டராக இருந்து புதியது 7 மில்லிமீட்டராக இருந்தால், ஆடாமல் இருக்க உடன்வரும் பிளாஸ்டிக் சட்டத்தை வைத்துக்கொள்ளலாம். எம்.2 எனப்படும் சிறு பட்டை வடிவிலும் எஸ்.எஸ்.டி. கிடைக்கிறது. ஆனால் அதில் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு வகைகள் உண்டு. பொருந்துமிடம் பார்க்க ஒன்றுபோல் தெரிந்தாலும் உங்கள் மதர்போர்டு எந்த வகையை ஏற்கும் என்பதைக் கையேட்டில் பார்க்காமல் வாங்கக் கூடாது. ரேமிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். டி.டி.ஆர்.3 வகை 1.5 வோல்ட்டிலும், டி.டி.ஆர்.3எல் வகை 1.35 வோல்ட்டிலும் இயங்குபவை. குறைந்த மின்னழுத்தத்தை மட்டுமே தரும் கணினியில் முதல் வகையைப் பொருத்தினால் அது தொடங்காமலே போகலாம். சில மெல்லிய மடிக்கணினிகளில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கூட்ட வழியே இல்லை.

பழைய டிஸ்க்கை அப்படியே படியெடுத்துப் புதியதில் போடுவதைவிட, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிக் கோப்புகளை மட்டும் கொண்டுவருவதே மேல் என்பது என் கருத்து. ஒன்பது ஆண்டுகளில் சேர்ந்த தேவையற்ற நிரல்கள் அத்தோடு கழியும். கழற்றிய டிஸ்க்கைச் சில மாதங்களாவது அழிக்காமல் வைத்திருங்கள். அந்த டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று ஓசை வந்தாலோ, அதன் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் பட்டியலில் பழுதானவை என்று ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினாலோ, வேறு எந்தச் சோதனையிலும் நேரத்தைச் செலவிடாமல் கோப்புகளை உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அரை மணி நேரம் வேலை செய்தாலே விசிறி பெரும் இரைச்சலுடன் ஓடுகிறது; அடிப்பாகத்தைத் தொட முடியவில்லை; சில வேளைகளில் தானாகவே அணைந்துவிடுகிறது. காற்று வரும் துளைகளில் வெளியிலிருந்து ஊதிப் பார்த்தேன், பயன் இல்லை. திறந்து பார்க்கலாமா?

திறந்துதான் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து ஊதினால் ஏன் பயனில்லை என்பது உள்ளே பார்த்ததும் புரியும். விசிறி காற்றைத் தள்ளும் வாயிலில், மெல்லிய உலோகத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட ஹீட் சிங்க் இருக்கிறது. பல ஆண்டுத் தூசி அந்தத் தகடுகளின் உட்புறத்தில், விசிறியைப் பார்த்த பக்கத்தில், சாம்பல் நிறக் கம்பளித் துண்டு போலத் திரண்டு படிந்திருக்கும். வெளித்துளையிலிருந்து பார்த்தால் தகடுகள் சுத்தமாகவே தெரியும். ஊதினால் அந்தப் படலம் விசிறிக்குள் போய் விழும்; மறுநாள் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

முதலில் கணினியை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்குங்கள். அடிப்பக்கத் திருகுகள் ஒரே நீளத்தில் இருக்கமாட்டா. நீளமான திருகைக் குட்டையானதன் துளையில் முறுக்கினால் அது மதர்போர்டையோ கீபோர்டையோ துளைத்துவிடக்கூடும். ஆகவே ஓர் அட்டையில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு திருகையும் அது இருந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். எல்லாத் திருகும் கழன்ற பிறகும் மூடி வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். ரப்பர் பாதங்களுக்கு அடியிலோ ஒட்டுத்தாளுக்கு அடியிலோ ஒரு திருகு ஒளிந்திருக்கும். விளிம்பில் உள்ள கொக்கிகளை உலோகத்தால் நெம்பாமல், பழைய பிளாஸ்டிக் அட்டையைச் செருகி ஒவ்வொன்றாக விடுவியுங்கள். திறந்ததும் முதல் வேலை, பேட்டரியின் இணைப்பை மதர்போர்டிலிருந்து கழற்றுவது. அடுத்தது, மின்பொத்தானைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்னூட்டத்தை வெளியேற்றுவது. தரையோடு இணைந்த ஓர் உலோகப் பொருளைத் தொட்டு உங்கள் உடலில் உள்ள நிலைமின்னையும் இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

விசிறியைக் கழற்றி எடுத்து, தூசிப் படலத்தைக் குறடால் முழுதாக உரித்தெடுத்த பின், இதழ்களை மென்தூரிகையால் துடையுங்கள். காற்றடைத்த குப்பியால் ஊதுவதானால், இதழ்கள் சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்றின் வேகத்தில் அவை அளவுக்கு மீறிச் சுழன்றால் அச்சு பழுதாகும்.

தூசி போன பிறகும் வெப்பம் குறையவில்லை என்றால் மட்டுமே, புராசசரின் வெப்பத்தை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் பக்கம் போகலாம். ஹீட் சிங்க்கைப் பிடித்திருக்கும் திருகுகளின் அருகே 1, 2, 3, 4 என்று எண்கள் அச்சிடப்பட்டிருந்தால், கழற்றும்போது அவற்றைத் தலைகீழ் வரிசையிலும் பூட்டும்போது நேர்வரிசையிலும் சிறிது சிறிதாகத் திருகுங்கள். காய்ந்து உதிரும் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சு உதிராத துணியால் துடைத்து, புராசசரின் நடுவில் மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பொட்டு மட்டும் வைத்தால் போதும். ஹீட் சிங்க்கின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். அருகில் உள்ள சிறு சிப்புகளின் மேல் மெத்தென்ற பட்டைகள் ஒட்டியிருந்தால் அவற்றை நீக்கிவிட்டு பேஸ்ட் தடவாதீர்கள். அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது. கிழிந்துபோனால் அதே தடிமனுள்ள பட்டையைத்தான் வைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் வெப்பநிலை காட்டும் நிரல் ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள். புராசசர்கள் பல 95 முதல் 100 டிகிரி செல்சியசை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அதற்கும் மேல் போனால் அணைந்துவிடுகின்றன. கடும் வேலையிலும் எண்பதுகளைத் தாண்டாமல் நின்றால் உங்கள் உழைப்பு பலித்தது. விசிறியில் கரகரப்பு மட்டும் தொடர்ந்தால் அதன் அச்சு தேய்ந்திருக்கிறது. எண்ணெய் விட்டால் சில காலம் அடங்கும், ஆனால் விசிறியை மாற்றுவதே தீர்வு.

கேள்வி: சில வாரங்களாக டச்பேடு ஒரு பக்கம் மேலெழும்பி, அழுத்தினால் கிளிக் ஆக மறுக்கிறது. மூடினாலும் கணினி சரியாகப் பொருந்தவில்லை. டச்பேடை மட்டும் மாற்றினால் சரியாகுமா?

தயவுசெய்து இந்தக் கணினியை இன்றே சார்ஜரிலிருந்து எடுத்து, அணைத்துவிடுங்கள். நீங்கள் விவரிப்பது டச்பேடின் பழுது அல்ல. பெரும்பாலும் அதன் அடியில் உள்ள பேட்டரி உப்பியிருக்கிறது. லித்தியம் அயனி பேட்டரி மூப்படையும்போதும், அதிக வெப்பத்தில் நெடுநாள் முழு மின்னூட்டத்தில் இருக்கும்போதும், உள்ளே உள்ள மின்பகுபொருள் சிதைந்து வாயு உண்டாகிறது. அந்த வாயுதான் உறையை உப்பவைத்து டச்பேடை மேலே தள்ளுகிறது.

உப்பிய பேட்டரியை அழுத்தி உள்ளே தள்ளுவதோ, ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றுவதோ கூடவே கூடாது. உறை கிழிந்து உள்தகடுகள் ஒன்றையொன்று தொட்டால் தீப்பிடிக்கும், அந்தத் தீயை அணைப்பது கடினம். திருகுகளால் மட்டும் பொருத்தப்பட்ட பேட்டரியாக இருந்து, உங்களுக்குக் கணினியைத் திறந்த பழக்கமும் இருந்தால், இணைப்பைக் கழற்றி மெதுவாக எடுத்துவிடலாம். பசையால் ஒட்டப்பட்டிருந்தால், நெம்பி எடுக்கும் வேலையைப் பயிற்சி உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்; இந்தப் பகுதியில் நான் வீட்டில் செய்யாதீர்கள் என்று சொல்லும் வேலை இது ஒன்றுதான். எடுத்த பேட்டரியை எரியும் பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, மின்கழிவு சேகரிப்பிடத்தில் ஒப்படையுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் இயங்கக்கூடிய மாடல்கள் பல உண்டு. எனவே புதியது வரும்வரை வேலை தடைபடாமலும் போகலாம்.

கேள்வி: எந்நேரமும் சார்ஜரில் இணைத்தே வைத்திருக்கிறேன். பேட்டரி கெடும் என்கிறார்கள். வாரம் ஒருமுறை முழுதாகத் தீர்த்துவிட்டுச் சார்ஜ் ஏற்ற வேண்டுமா?

வேண்டாம். முழுதாகத் தீர்க்கும் வழக்கம் பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்தது. லித்தியம் அயனிக்கு அது நன்மை செய்யாது. லித்தியம் செல் ஒன்று பொதுவாக 4.2 வோல்ட்டில் நிறைகிறது; அந்த உச்சத்தில் வெப்பத்தோடு சேர்ந்து நெடுநேரம் நிற்பதுதான் அதை விரைவில் மூப்படையச் செய்கிறது. 80 விழுக்காட்டில் மின்னேற்றத்தை நிறுத்தும் அமைப்பைத் தயாரிப்பாளர்கள் பலர் தருகிறார்கள். விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை நிரலான பயாஸிலோ, தயாரிப்பாளரின் நிரலிலோ அது இருந்தால் இயக்கிவிடுங்கள், அதன் பிறகு சார்ஜரில் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அறிய, விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி என்னும் நிரலைக் கொண்டு பேட்டரி அறிக்கையை உருவாக்கலாம். தயாரிப்பின்போது இருந்த கொள்ளளவும் இன்று நிறையும் கொள்ளளவும் அதில் அடுத்தடுத்து இருக்கும். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் மாற்றும் வேளை வந்துவிட்டது.

கேள்வி: கீபோர்டில் ஒரு குவளைத் தண்ணீர் கொட்டிவிட்டது. உடனே துடைத்துவிட்டேன், இயங்குகிறது. அப்படியே விடலாமா?

விடக் கூடாது. தண்ணீர் பட்டவுடன் கெடுவதைவிட, உள்ளே தங்கிய ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து இணைப்புகள் அரிக்கப்பட்டுச் சில வாரங்களில் கெடும் கணினிகளே அதிகம். அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் பிரித்து, திரையை விரித்தபடி கூடாரம் போலக் கவிழ்த்து வையுங்கள். அடிமூடியைத் திறந்து, ஈரமோ வெண்மையான படிவோ தெரியும் இடங்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்தூரிகையும் கொண்டு துடைத்து, இரண்டு நாளாவது காயவிடுங்கள். அரிசியில் புதைத்து வைப்பதால் ஈரம் விரைவாகப் போகாது. மாவுத்தூள்தான் உள்ளே சேரும். கொட்டியது சர்க்கரை கலந்த பானமாக இருந்தால் தானே காய்வதற்குக் காத்திருப்பதில் பயனில்லை, திறந்து கழுவியே ஆக வேண்டும்.

கேள்வி: ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடுகிறது, இணையத்தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டுகின்றன. வைரஸா?

வைரஸ் அல்ல. கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடவைக்கும், மதர்போர்டில் உள்ள நாணய வடிவ 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தவறாக இருப்பதால் தளங்களின் சான்றிதழ்கள் செல்லாதவை என்று பிரௌசர் எண்ணிவிடுகிறது. பெரும்பாலும் சி.ஆர்.2032 என்னும் வகைதான். சில மாடல்களில் அது ஒயரோடும் சிறு இணைப்பானோடும் வரும். மாற்றியபின் பயாஸுக்குள் சென்று தேதியையும் தொடங்கும் டிஸ்க்கின் வரிசையையும் சரிசெய்யுங்கள்.

கேள்வி: திரையைத் திறக்கும்போது இடது கீல் அருகே பிளாஸ்டிக் விரிகிறது. ஒட்டுப் பசை போட்டேன், மறுபடியும் விரிந்துவிட்டது.

விரிசல் விளைவுதான்; காரணம் கீலின் இறுக்கம். ஆண்டுகள் செல்லச் செல்லக் கீலின் உராய்வு கூடிவிடுகிறது. திரையைத் தூக்கும் விசை முழுவதும், பிளாஸ்டிக்கில் பதிக்கப்பட்ட சிறு பித்தளைக் குமிழ்களின் மேல் விழ, அவை உறையோடு பெயர்ந்து வந்துவிடுகின்றன. பசையை மட்டும் போட்டால் அதே விசை அதையும் பெயர்க்கும். திரையின் உறையைத் திறந்து, கீலின் முனையில் உள்ள நட்டைக் கால் சுற்று தளர்த்தி, சிறிது எண்ணெய் விட்டு, ஒரு கையால் திறக்கும் அளவுக்கு எளிதாக்குங்கள். அதன்பின் பித்தளைக் குமிழ்களை அவற்றின் இடத்திலேயே வைத்து, இரு குழாய்களிலிருந்து கலக்கும் எபாக்ஸியால் சுற்றிலும் நிரப்பி, ஒரு நாள் முழுதும் அசைக்காமல் இறுகவிடுங்கள். குமிழின் துளைக்குள் எபாக்ஸி இறங்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம். கீலின் வழியே செல்லும் திரைக் கேபிள் நசுங்காத இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இனிமேல் திரையை ஓரத்தைப் பிடித்து இழுக்காமல், மேல் விளிம்பின் நடுவைப் பிடித்துத் திறந்து பழகுங்கள்.

கேள்வி: என் சார்ஜர் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர். வீட்டில் கிடைத்த இன்னொன்று 19.5 வோல்ட், 4.62 ஆம்பியர். முனை பொருந்துகிறது. பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். வோல்ட் சமமாக இருக்க வேண்டும். ஆம்பியர் உங்களுடையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், ஏனெனில் கணினி தனக்கு வேண்டிய அளவு மின்னோட்டத்தை மட்டுமே இழுத்துக்கொள்ளும். குறைந்த ஆம்பியர் உள்ளதைப் போட்டால்தான் சார்ஜர் சூடேறும். முனையின் நடுவே ஊசி உள்ள வகையில், அந்த ஊசி வழியாகச் சார்ஜரின் அடையாளத்தைக் கணினி கேட்டறியும் மாடல்கள் உண்டு. வேறு நிறுவனச் சார்ஜரைப் போட்டால் இயங்கினாலும் பேட்டரி ஏறாமல் போவதற்கு அதுவே காரணம்.

கேள்வி: விண்டோஸ் 10 ஓடும் என் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியற்றது என்று வருகிறது. பாகங்கள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. இதைத் தூக்கிப்போட வேண்டுமா?

நல்ல நிலையில் உள்ள கணினியைத் தூக்கிப்போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சிப்பும், ஏற்கப்பட்ட புராசசர் பட்டியலும் பழைய கணினிகள் பலவற்றை வெளியே நிறுத்திவிடுகின்றன. முதலில் பயாஸில் பாருங்கள்: டி.பி.எம். இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும் கணினிகள் உண்டு; அப்படியானால் அதை இயக்கிய உடனேயே தடை நீங்கலாம். புராசசரே பட்டியலில் இல்லையென்றால், விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய லினக்ஸ் என்னும் இயங்குதளம் உங்களுக்கு ஏற்ற வழி. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தில் வங்கி வேலையையும் மின்னஞ்சலையும் தொடர்வதைவிட அது பல மடங்கு மேல்.

லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, டிஸ்க்கில் எதையும் மாற்றாமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்கிப் பார்க்க முடியும். அந்த நிலையிலேயே வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, மூடியை மூடித் திறந்தால் கணினி மீண்டும் விழிக்கிறதா, உங்கள் பிரிண்டர் அச்சிடுகிறதா, தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். நீங்கள் அன்றாடம் நம்பியிருக்கும் நிரல் ஏதேனும் விண்டோஸில் மட்டுமே இயங்குவதாக இருந்தால், அதற்கு ஈடானதை அங்கேயே திறந்து உங்கள் பழைய கோப்புகள் இரண்டு மூன்றைப் படித்துப் பாருங்கள். இவை அனைத்தும் ஒழுங்காக நடந்த பிறகு டிஸ்க்கில் நிறுவுங்கள்.